படுக்கிற இடமே முகவரி

நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில், உள்பக்கத்து ஓரத்தில் அடிக்கடி ஒரு சிறு செய்தி வருகிறது. ரயில் நிலையத்துக்கு வெளியிலோ, பஸ் நிலையத்திலோ, ஆற்றுப் படித்துறையிலோ அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறந்து கிடந்தார். யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின்பேரில் போலீசார் வழக்குப் பதிந்து, உடலை மருத்துவமனைக்கு அனுப்பினர். இதற்குப் பிறகு அரசு செய்கிற வேலை கொஞ்சமல்ல. படம் எடுக்கிறார்கள். மச்சம், தழும்பு, சட்டையின் நிறம், காலரில் இருக்கும் தையற்கடைப் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். மற்ற காவல் நிலையங்களுக்குத் தகவல் போகிறது. உறவென்று யாராவது வருவார்களா என்று சில நாள் பிணவறையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். இறந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது அரசின் வேலை என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே மனிதர் அதே படித்துறையில் உயிரோடு படுத்திருந்த வருடங்களில் அந்த வேலையை ஒருவரும் எடுத்துச் செய்யவில்லை. அவரே ஓர் அலுவலகத்துக்குப் போய் நின்றிருந்தாலும், தான் யார் என்று நிரூபிக்கிற பாரம் முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

இது அநியாயம் என்றே சொல்கிறோம். கொள்கைக் குறைபாடு, நடைமுறைச் சிக்கல் என்ற மென்மையான சொற்கள் இதற்குப் பொருந்தாது. வீடில்லாத மனிதரிடம் வீட்டுச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு முறையும் நாட்டின் சட்டம் மீறப்படுகிறது. மீறுவது அவர் அல்ல, நாம்.

திருநெல்வேலி டவுணில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால் இவர்களைத் தேட வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயில் வாசல், ரத வீதிகளில் ஷட்டர் இறக்கிய கடைகளின் படிகள், வாகையடி முக்கு, அங்கிருந்து ஜங்ஷன் வரும் வழியில் ஈரடுக்கு மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையத்தின் வெளிமுற்றம் என்று எங்கும் இருக்கிறார்கள். பகலில் பார்த்தால் இவர்களை யாரும் தனியாகப் பிரித்தறிய முடியாது. நயினார்குளம் சந்தையில் மூட்டை தூக்குவார்கள், ஓட்டலில் மாவாட்டுவார்கள், கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுவார்கள், பழைய இரும்பும் அட்டையும் பொறுக்கி எடைக்குப் போடுவார்கள். கையேந்துகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே தள்ளியவர், கணவனின் அடி பொறுக்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தவர், மனம் கலங்கி எங்கோ வடக்கே ரயிலேறி இங்கே இறங்கியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். அவர்களிடம் இல்லாதது ஓர் அட்டை. இருந்திருக்கலாம்; தலைக்கடியில் வைத்துப் படுத்த பையோடு போயிருக்கும். தெருவில் தூங்குகிறவரிடம் திருடு போவது பெரும்பாலும் பையும் போனும்தான். பையில் இருப்பது காகிதம் என்று திருடனுக்குத் தெரியாது.

ஆதார் பதிவு கவுண்டர் முன்னால் நடப்பது இப்படித்தான் இருக்கும்.

“தாத்தா, ரேஷன் கார்டு இருக்கா?”

“இல்ல தம்பி.”

“ஈ.பி. பில்லு? கேஸ் புக்கு?”

“வீடே இல்லயே தம்பி. ரத வீதியிலதான் படுக்கேன்.”

“அப்போ எந்த அட்ரஸ்ல போட? உங்க வார்டு கவுன்சிலர்ட்டக் கேட்டுப் பாருங்க.”

எந்த வார்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கவுண்டரில் இருக்கும் இளைஞர் கெட்டவர் அல்ல. கணினித் திரையில் கதவு எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது நிரம்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் குற்றம்.

2016-ன் ஆதார் சட்டத்தின் 5-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், அமைப்புசாராத் தொழிலாளர்கள், நாடோடிப் பழங்குடியினர், நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்கள் ஆகியோருக்கு எண் வழங்க ஆதார் ஆணையம் சிறப்பு நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்கிறது அது. நிரந்தர வீடில்லாதவர் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. 7-ம் பிரிவின் துணைவிதி இன்னொன்று சொல்கிறது: ஆதார் எண் இன்னும் கிடைக்காத ஒருவருக்கு, அவர் யார் என்று காட்ட வேறு வழி கொடுத்து உதவியை வழங்க வேண்டும். ஆதார் இல்லை என்பதற்காக ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப இந்தச் சட்டம் யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

வழியும் வகுத்து வைத்திருக்கிறார்கள். வேறு எந்த ஆவணமும் இல்லாதவருக்கு ஆணையம் வெளியிட்டுள்ள ஒரு பக்கச் சான்றுப் படிவம் போதும். புகைப்படம் ஒட்டி, அதன்மேல் கையொப்பமிட்டு முத்திரை வைக்க வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ., மாநகராட்சி கவுன்சிலர், தாசில்தார், கெஜட்டட் அதிகாரி இவர்களில் ஒருவர் போதும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் தங்கியிருப்பவர் என்றால் அதன் கண்காணிப்பாளரே கையெழுத்துப் போடலாம். மூன்று மாதம் அது செல்லும். நெல்லை மாநகராட்சியில் 55 வார்டுகள். அத்தனை கவுன்சிலர்களுக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று அவரவர் வார்டு மக்கள் கேட்க வேண்டும்.

வாக்காளர் பட்டியல் விஷயத்தில் தேர்தல் ஆணையத்தின் விதி இதைவிடத் தெளிவு. வீடில்லாதவர் படிவம் 6-ல் தான் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும்; முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு மட்டும் போதாது; ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய்ப் பார்க்க வேண்டும். படுக்கிற இடமே முகவரி என்று இந்தியக் குடியரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு நாடு தன் ஏழைக் குடிமகனைத் தேடி இரவில் நடந்து வர வேண்டும் என்று எழுதியிருக்கும் இந்த விதியைப் போல மரியாதையான விதி நம் அரசாங்கக் கையேடுகளில் அதிகம் இல்லை. அது காகிதத்தில் தூங்குகிறது.

2025 நவம்பர் 4-ல் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், இடம் மாறியவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இறந்தவர் பெயரை நீக்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போகிற எந்தக் கணக்கும் வீடில்லாதவரைத் தாண்டித்தான் போகும். அவர் முகவரியில் இல்லாதவர் ஆகிவிடுகிறார். தெருவிலேயே இருந்தும் காணாமல் போகிறார்.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. வீடற்றோர் காப்பகங்கள் குறித்த வழக்கில் 2018 ஜனவரியில் நீதிபதி மதன் லோகூர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அரசுகளைப் பார்த்து நேராகவே கேட்டது: ஆதார் இல்லாதவர்கள் உங்கள் கணக்கில் இல்லாதவர்களா, வீடே இல்லாத ஒருவர் எந்த முகவரியைக் கொடுத்து ஆதார் வாங்குவார் என்று. 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் அதே நீதிமன்றம், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு முகவரிச் சான்று கேட்காமல், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றை வைத்தே ஆதார் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது; அவர்களுடைய அடையாளம் வெளியே கசியக் கூடாது என்றும் சொன்னது. ஒரு சாராருக்கு முடிந்தது என்றால் வாகையடி முக்கில் படுத்திருப்பவருக்கும் முடியும்.

முடியும் என்பதற்கு நமக்கே சாட்சி இருக்கிறது. கொரோனாவின் முதல் ஊரடங்கில், 2020-ல், தெருவோரம் இருந்தவர்களை மாநகராட்சிகள் பள்ளிக்கூடங்களில் கூட்டிவைத்துச் சோறு போட்டன. அப்போது யாரிடமும் கதவு எண் கேட்கவில்லை. 2021 மே மாதம், அடையாள அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் தடுப்பூசி போட மத்திய அரசு தனி நடைமுறையே வெளியிட்டது. அவர்கள் நோய்ப்பட்டால் நமக்கும் தொற்றும் என்ற பயம் இருந்தபோது காகிதமில்லாமலே எல்லாம் நடந்தது. அவர்களுடைய பசி நமக்குத் தொற்றாது. அதனால் பசிக்குக் காகிதம் கேட்கிறோம். இந்த வித்தியாசத்தை நினைத்து வெட்கப்பட வேண்டும்.

அட்டை இல்லாததால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனை முழுங்கியது. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் போனது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. படித்துறை மண்டபங்களிலும் பஸ் நிலையத்திலும் இருந்தவர்கள் போர்வை, பாத்திரம், உடுதுணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு நிவாரணம் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய், நியாயவிலைக் கடை மூலம், குடும்ப அட்டைக்கு. வேகமாகப் பணம் கொண்டு சேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஆற்றுக்கு மிக அருகில் படுத்திருந்தவர் எந்தக் கடை வரிசையில் நிற்பது? வெள்ளம் முதலில் தொட்டது அவரை. கணக்கெடுப்பு அவரைத் தொடவே இல்லை.

குடும்ப அட்டை இல்லையென்றால் மாதம் தோறும் அரிசி இல்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லை. கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மிச்சச் செலவுக்கு யாரையாவது பார்க்க வேண்டும். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் இல்லை. ஆதரவற்ற முதியவருக்கென்றே உண்டான பணம் அது. அதைக் கேட்டுப் போகும் மிக ஆதரவற்றவரைத்தான் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்புகிறோம். பத்து வருடம் சந்தையில் மூட்டை சுமந்தாலும் அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு இல்லை, ஏனென்றால் அதற்கு ஆதார் வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாததால் சம்பாதித்த காசு இடுப்பில் இருக்கும். இடுப்பில் இருப்பது இரவில் போகும். இத்தனைக்கும் ஆவணம் எதுவுமே இல்லாதவருக்கு, அதிகாரியின் முன்னால் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுப் படம் கொடுத்தால் சிறு கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எந்தக் கிளையின் சுவரிலாவது அது தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா?

பெண்ணின் பாடு இன்னும் கடினம். அடி பொறுக்காமல் வெளியேறியவளின் பெயர் கணவன் வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருக்கிறது. புதிய அட்டைக்கு அந்தப் பெயரை அங்கே நீக்க வேண்டும். யாரிடமிருந்து தப்பி வந்தாளோ அவன் வாசலுக்கே அவளைத் திரும்பிப் போகச் சொல்வதற்குச் சமம் அது. அவளுக்கு முகவரி கொடுப்பது மட்டும் போதாது. அந்த முகவரி யாருக்கும் தெரியாமல் காப்பதும் அரசின் கடமை. அவள் வயிற்றில் குழந்தை இருந்தால் பிரச்சினை அடுத்த தலைமுறைக்கும் போகிறது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவு சொல்வது உண்மைதான். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 2025-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஆதரவற்ற குழந்தைகளைத் தேடிப்பிடித்து ஆதார் பதிவு செய்ய ‘சாத்தி’ என்ற இயக்கத்தை நடத்தியது. தேடிப் போவதுதான் முறை என்பதை அது காட்டியது. பெரியவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

மனநோயோடு தெருவில் திரிபவர்கள் விஷயத்தில் இன்னும் பொறுமை தேவை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவத்துக்குக் கொண்டு சேர்க்கும் கடமையைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரிக்கே கொடுத்திருக்கிறது. சென்னையில் 1993 முதல் இயங்கும் ‘பான்யன்’ அமைப்பு மருந்தும் சோறும் படுக்கையும் கொடுத்துக் காத்திருக்கிறது. பேச்சு திரும்புகிறவர் தன் ஊர்ப் பெயரையும் சொல்லி வீடு போய்ச் சேர்கிறார். 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைத்தார்கள். அங்கே சிகிச்சையில் இருந்தவர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். வேறு சில இடங்களில் கைரேகையை வைத்துப் பார்த்ததில் முன்பே ஆதார் எடுத்திருந்தது தெரிந்து, பல வருடம் தொலைந்து போயிருந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்த்திருக்கிறார்கள். தெருவில் இருக்கும் பலருக்கு எண் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடிக் கொடுத்தாலே போதும்.

போலிகள் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், பதில் சொல்லலாம். பத்து விரலும் இரு கண்ணும் பதியும் முறையில் ஒருவர் இரண்டாம் முறை எண் வாங்க முடியாது என்று சொல்லித்தானே இந்த அமைப்பையே கட்டினார்கள்? 18 வயதைக் கடந்தவர் முதன்முறையாகப் பதிந்தால் மாநில அரசின் சரிபார்ப்பும் உண்டு. ஆறு மாதம்வரை ஆகலாம் என்கிறார்கள். இவ்வளவு காவல் இருக்கும்போது, போலிக்குப் பயந்து உண்மையான ஏழையை வாசலிலேயே நிறுத்த வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் மின் ரசீதையும் பொய்யாகத் தயாரிக்கப் பணம் வேண்டும். பணமுள்ளவன் பொய் சொல்வான் என்ற பயத்துக்கு ஒன்றுமில்லாதவனைத் தண்டிப்பது முறையில்லை.

அட்டையைத் தொலைத்தது அவர்கள் அஜாக்கிரதைதானே என்றும் சொல்வார்கள். இந்த மண்ணின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், தலைமுறைகள் கழித்து, 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் இரு பிரதமர்கள் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்கள் எதையும் தொலைக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை இறங்கச் சொன்னது. நாலு தலைமுறையாக அவர்களுடைய அட்டைகளில் அச்சாகியிருக்கும் முகவரி, காட்டுக்குத் திரும்பப் போகிறது. முகவரி என்பது ஒருவரின் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் மட்டும் நிலைப்பதில்லை. கம்பெனியும் கோர்ட்டும் ஆறும் சேர்ந்து ஒரு நாளில் அதை அழித்துவிட முடியும். இன்று கதவு எண் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம்.

எங்களுக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறோம். தெருவில் இருப்பவர்களைப் பட்டியலிட்டால், அந்தப் பட்டியலே நாளை அவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடப் பயன்படலாம். பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945-ன் சட்டம் தமிழகத்தில் இருக்கிறது. தேரோட்டத்துக்கும் பெரிய மனிதர் வருகைக்கும் முன்னால் தெருவைச் ‘சுத்தம்’ செய்யும் பழக்கமும் ஊர்களில் உண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அங்கே அமலில் இருந்த இதேபோன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று ரத்து செய்தது. ஆகவே பதிவு முகாம் நடக்கும் இடத்தில் லத்தி தெரியக் கூடாது. விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. பெயர் கொடுப்பதால் கெடுதல் வராது என்று நாலு பேர் கண்ணால் கண்டால்தான் ஐந்தாமவர் வருவார்.

இனி நெல்லை செய்ய வேண்டியது. இதற்குப் புதுச் சட்டமும் பெரிய நிதியும் வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும்: மாநகராட்சி, வருவாய்த் துறை, வட்ட வழங்கல் அலுவலகம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, அஞ்சல் துறை ஆகிய ஐந்தும் ஒரே மேசையில், ஒரே இரவில் உட்கார வேண்டும். பகலில் வேண்டாம், பகலில் கூலி போகும். மேசையை ரத வீதிக்கே கொண்டு வாருங்கள். கைரேகை தேய்ந்துபோன பாத்திரம் கழுவுகிறவருக்கும் மூட்டைக்காரருக்கும் கருவிழிப் பதிவு இருக்கிறது. இரண்டும் இயலாதவருக்கு விதிவிலக்குப் பதிவும் இருக்கிறது. இயந்திரம் ஏற்கவில்லை என்று எழுந்து போகச் சொல்லாத ஊழியர் வேண்டும்.

முகவரி? மாநகராட்சிக் காப்பகத்தின் முகவரியையே, அங்கே தங்காதவருக்கும் மேற்பார்வை முகவரியாகக் கொடுக்கலாம். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள், லட்சம் மக்கள் தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்று சொல்வதோடு, அடையாளச் சான்றும் அஞ்சல் முகவரியும் கிடைக்கச் செய்வதைக் காப்பகத்தின் வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகரின் மக்கள் தொகை நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்தது. இன்று அதைவிட அதிகம். ஐந்து காப்பகங்கள் என்பது சலுகை அல்ல, பழைய கணக்கு. வந்து சேரும் அட்டையைக் காப்பகத்தில் பூட்டி வைத்து, நகலை மட்டும் கையில் கொடுக்கலாம்; மழைக்கும் திருட்டுக்கும் தப்பும். பிரிட்டனில் வீடற்றவர் தனக்குப் பழக்கமான ஓர் இடத்தைச் சொல்லி உறுதிமொழி கொடுத்து வாக்காளராகலாம். 2000-ம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் வீடற்றவருக்குப் பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இலவசம். இந்த இரண்டைவிடவும் நல்ல விதி நம் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது என்பதை நினைத்துப் பெருமைப்படுவதற்கு முன், ஓர் இரவாவது அதை நடத்திக் காட்ட வேண்டும்.

முகாமோடு முடிவதில்லை. பதிந்தவருக்கு ஆறு மாதத்தில் கடிதம் வரும். அதற்குள் அவர் இடம் மாறியிருப்பார். ஓ.டி.பி. வரும் போன் இருக்காது. குடும்ப அட்டைக்குத் தனிச் சமையல் உண்டா என்று பார்க்க ஆள் வருவார். அடுப்பே இல்லாதவருக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் கூட வர ஓர் ஆள் இருந்தால் இது நடக்கும். இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். இங்கே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஒரு மாணவர் ஒரு மனிதரோடு ஒரு வருடம் நடந்தால் சட்டப் புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

இந்த ஊரின் தலபுராணமே வேதபட்டர் என்ற ஓர் ஏழையின் கதை. வீடு வீடாக நெல் யாசித்து இறைவனுக்கு அமுது படைத்தவர். அவர் காயப்போட்ட நெல்லை மழை கொண்டுபோகாமல் இறைவன் வேலி கட்டிக் காத்தார் என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரை விளக்குகிறோம். யாசித்து வாழ்ந்த ஒருவரின் நெல் நனையக் கூடாது என்று நினைத்த தெய்வத்துக்குக் கோயில் கட்டியிருக்கிறோம். ஆனித் திருவிழாவில் தேர் இழுக்கிறோம். அந்தத் தேர் போகும் வீதிகளில் படுத்திருப்பவரைக் காக்கிற கடமை அரசுக்கு மட்டும் இருப்பதாக நினைக்க முடியாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதாரத் தேதி. 2011-ல் பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள்; நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. எண்ணிவிட்டுப் போனார்கள். எண்ணப்பட்டவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் மிஞ்சவில்லை. இந்த முறையும் டவுண் தெருக்களில் விளக்கோடு ஆட்கள் வருவார்கள். எண்ணுகிறவரோடு பதிகிறவரும் வர வேண்டும் என்று மாநகராட்சி ஆணையரையும் ஆட்சியரையும் கேட்டுக்கொள்கிறோம். வராவிட்டால், முடியாமல் போனது என்று யாரும் சொல்ல முடியாது. செய்ய மனமில்லாமல் போனது என்றுதான் எழுதுவோம்.

வாசகர்களே, உங்கள் கடைப் படியில் இரவில் படுக்கிறவரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அவரைக் கூட்டிப் போய், அந்த ஒரு பக்கச் சான்றில் கையெழுத்துக் கேளுங்கள். படிவம் 6-க்குக் கட்டணம் கிடையாது. முதல் ஆதார் பதிவுக்கும் கட்டணம் கிடையாது.